ஒரு ரூபாயில் விழுந்த முடிச்சு

பாளையங்கோட்டை

அன்புள்ள மக்கா,

கிரெடிட் கார்டில் மாதாமாதம் 299 போகிறது, எதற்கென்றே தெரியவில்லை என்று போன வாரம் போனில் புலம்பினாய். நான் பஸ்ஸில் இருந்தேன், பாதி காதில் விழவில்லை. எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மாட்டியது அப்பா. பென்ஷன் பாஸ்புக்கைப் பதிந்துகொண்டு வந்தவர், கண்ணாடியை ஏற்றிவிட்டு வரி வரியாகப் பார்த்து, "இந்த 199 யாருக்குலே குடுக்கோம்?" என்றார். எட்டு மாதமாகப் போயிருக்கிறது. மொத்தம் 1,592 ரூபாய். தோண்டினால் ஒரு ஜோதிட ஆப். ஏழு நாளைக்கு ஒரு ரூபாய் என்று விளம்பரம் வந்திருக்கிறது. ஒரு ரூபாய்தானே என்று யுபிஐ பின்னைப் போட்டுவிட்டார். மாதாமாதம் எடுத்துக்கொள் என்ற அனுமதியும் அந்த நாலு எண்ணுக்குள்ளேயே அடக்கம். திரையில் எழுதித்தான் இருந்திருக்கும், 74 வயதுக் கண்ணுக்கு எட்டாத எழுத்தில்.

இதில் என் கைங்கரியமும் உண்டு. மூன்றாவது மாதமே அந்த ஆப்பைப் போனிலிருந்து அழித்தவன் நான்தான். கதை முடிந்தது என்று நினைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் வாடகை நின்றுவிடுமா?

இன்னொரு வேடிக்கை கேள். பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே தகவல் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2021 அக்டோபரிலிருந்து இருக்கிறது. 15,000 ரூபாய்க்குள் என்றால் ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்க மாட்டார்கள், இந்தத் தகவல் ஒன்றுதான் நமக்குக் காவல். அப்பாவுக்கும் அது மாதம் தவறாமல் வந்திருக்கிறது. "பேங்க் பேரில் வருகிற மெசேஜ் எதையும் நம்பாதீர்கள்" என்று பாடம் நடத்தியவன் நான். அவரும் பிள்ளை சொல்லைத் தட்டாமல், வரவர அழித்திருக்கிறார்!

உன் பழைய போன் ஞாபகம் வந்தது. கேட்காமலே ஒரு காலர் ட்யூன் ஏறிக்கொண்டு மாதம் முப்பது ரூபாய் தின்றதே? கூப்பிடுகிறவனுக்கெல்லாம் பாட்டு கேட்கும், சொந்தக்காரன் உனக்கு மட்டும் கேட்காது. நீயானால் ரீசார்ஜ் கடை அண்ணாச்சியிடம் சண்டைக்குப் போனாய். அந்தத் தொல்லை பெருகித்தான் 2013இல் இரண்டு முறை சம்மதம் கேட்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் உத்தரவு போட்டது.

சரி, உன் விஷயம். அப்பாவுடையது யுபிஐ என்பதால் சுலபமாகப் போயிற்று. பணம் அனுப்புகிற ஆப்பில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கிறது, அங்கே போய் ரத்து செய்து பின் எண்ணைப் போட்டேன், இரண்டு நிமிடம். ஜோதிடக்காரர்களிடம் கெஞ்ச வேண்டியதே இல்லை. உன்னுடையது கார்டு, அங்கே தெரியாது. கார்டு கொடுத்த வங்கியின் தளத்தில் நீ கொடுத்த அனுமதிகளின் பட்டியல் இருக்கும், அதில் நீக்கலாம். அந்த வசதியை வங்கி கொடுத்தே ஆக வேண்டும். அதிலும் இல்லையென்றால் பிளே ஸ்டோரில் உன் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் என்ற இடத்தைப் பார். உன் பையன் விளையாட்டு எதையாவது வாங்கி வைத்திருப்பான் என்பது என் சந்தேகம், அதற்காக அவனை அடிக்காதே.

அப்புறம், வேகத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிடாதே. மே மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் 436 ரூபாய் போயிருந்தால் அது அரசின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு. அதை விட்டுவை.

போன பணத்துக்கு என்ன வழி என்பாய். அந்தக் கம்பெனி முதலில் கையை விரித்தது. 1915க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்தேன். இப்படிச் சந்தாவில் சிக்க வைப்பதை 2023 நவம்பரிலேயே மத்திய அரசு தவறான வணிக முறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கடைசியில் இரண்டு மாதப் பணம் மட்டும் திரும்பி வந்தது. மீதி கோவிந்தா.

அப்பா இப்போது காலையில் டிவியில் ராசிபலன் பார்க்கிறார். அந்த ஆப்பில் சொன்னது இதைவிடப் பொருத்தமாக இருந்தது என்று நேற்றுக்கூடக் குறைப்பட்டுக்கொண்டார். ஆனித் தேருக்கு வருவாய்தானே? வரும்போது அந்தக் கார்டு ஸ்டேட்மெண்டையும் எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்