பிரிக்ஸ்டன் நூலகத்தில் ஒரு புத்தகத் தட்டு வேண்டும்

இலண்டன், பிரிக்ஸ்டன் வீதியிலுள்ள ரஷ்ய, சோவியத் ஆய்வுகளுக்கான ஒத்துழைப்புச் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். என் கட்டிலுக்கடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் 19 புத்தகங்கள், எல்லாமே மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அப்பா சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தவை. அரிசிக்கு இடமில்லையே என்று அம்மா அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தப் பெட்டியை உங்களிடம் ஒப்படைக்க விரும்புகிறேன். ஆங்கிலப் பிரதியைத் தனியே அனுப்புகிறேன். தமிழில் எழுதுவது, இதே போன்ற பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்பதற்காக.

பிரித்தானியா சோவியத் அரசை அங்கீகரித்த அதே 1924ஆம் ஆண்டில் உங்கள் சங்கம் பிறந்தது. பொருளியலாளர் கெயின்ஸும் எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபும் தொடக்ககால உறுப்பினர்கள். சோவியத் ஒன்றியம் கலைந்த பின் 1992இல் பெயரை மாற்றினீர்கள். ஆனால் ‘சோவியத்’ என்ற சொல்லைக் கைவிடவில்லை, நூலகத்தையும் மூடவில்லை. அதற்காகவே உங்களிடம் வருகிறேன்.

உங்கள் சேகரிப்பு பெரும்பாலும் ரஷ்யத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. ஆனால் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா பதிப்பகமும் தமிழிலும் வெளியிட்டன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றோர் அந்தப் பனியில் குடியிருந்து மொழிபெயர்த்தார்கள். ஒரு வல்லரசு தன் தலைநகரில் தமிழ் எழுத்துக் கோத்து, பிழை திருத்தி, கப்பலேற்றி, ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்றது. இதுவும் சோவியத் வரலாறுதான். இது இல்லாத சோவியத் ஆய்வு குறைபட்டது என்றே நான் கருதுகிறேன்.

கிருஷ்ணையா மொழிபெயர்த்த தோல்ஸ்தோயின் நாவல் ‘புத்துயிர்ப்பு’ இப்போது என் மேசையில் கிடக்கிறது. முதுகுத் துணி நைந்துவிட்டது. ஓரங்களில் இராமபாணப் பூச்சி அரித்த தடம். கடைசிப் பக்கத்தில், மொழிபெயர்ப்பையும் அமைப்பையும் பற்றி வாசகரின் கருத்தைக் கேட்கும் குறிப்பும் சூபவ்ஸ்கி புல்வார் முகவரியும் உள்ளன. அதற்கடுத்து நாலாக மடித்த ஒரு தாள். அப்பா மாஸ்கோவுக்கு எழுதத் தொடங்கிய பதில் அது. மொழிபெயர்ப்பு மிக நன்று, எழுத்துத்தான் சற்றுச் சிறிது என்பதோடு நின்றுவிட்டது. ஏன் முடிக்கவில்லை என்று கேட்க இன்று அவர் இல்லை.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஸ்டாலின் காலத்துக் கட்டாய உழைப்பு முகாம்களைப் பற்றி அந்தப் பெட்டியில் ஒரு வரிகூடக் கிடையாது. பிற்காலத்தில் அவற்றைப் பற்றிப் படித்தபோது அப்பா பல நாள் பேசாமல் இருந்தார். அந்தப் புத்தகங்கள் எதைச் சொன்னன, எதைச் சொல்லாமல் விட்டன என்று பார்ப்பதற்கும் அவை ஒரே இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வீடு பெட்டிகளில் கிடந்தால், அவற்றைப் படித்த தலைமுறை போன பிறகு குப்பைக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்தார் 1981இல் ஒரு நூலகத்தையே தீக்குப் பறிகொடுத்தவர்கள். எங்களுக்கு இந்தப் பயம் சும்மா வருவதில்லை.

ஆகவே நான் கேட்பது ஒரே ஒரு தட்டு. பட்டியலில் ஒவ்வொரு நூலின் பெயரும் தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளரின் பெயரோடு. அந்தப் பதிவு வேலையைச் சனிக்கிழமைகளில் வந்து நானே செய்து தருகிறேன். அப்பாவின் தாளைப் புத்தகத்திலிருந்து பிரிக்க வேண்டாம்.

எந்த நாள் வரலாம் என்று எழுதுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓவல் நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்