அந்த பிளாஸ்டிக் தாளைப் பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கத்துப் பழைய கடைவீடுகளில் சுவர் ஓதம் அடித்தால் எங்களைத்தான் கூப்பிடுவீர்கள். அதனால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தியும் உங்களுக்கு வந்திருக்கும்: “சுவரில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவிட்டு எண்பது வெள்ளி வாங்கிக்கொண்டு போனார்கள், பெயின்ட் அடிக்கவே இல்லை.”

ஒட்டியது உண்மை. வாங்கியதும் உண்மை. எதற்கு ஒட்டினோம் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அது ஒரு மாடி அறை. மூன்று முறை பெயின்ட் அடித்தும் அதே இடத்தில் கறுப்புப் பூஞ்சை. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி உச்சத்துக்குப் போனது. ஆனால் அந்தக் கருவி தண்ணீரை அளப்பதில்லை, சுவரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்றுதான் பார்க்கிறது. உப்புப் பூத்த சுவர் ஓரளவு காய்ந்திருந்தாலும் ‘ஈரம்’ என்றே காட்டும். அதை நம்பிச் சுவரை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் தாள். நாலு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விட்டோம். தாளுக்குப் பின்னால் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இங்கே நனைந்திருந்தது அறைப் பக்கம். பின்பக்கம் காய்ந்தே இருந்தது. கை வைத்தால் சுவர் ஜில்லென்றிருந்தது. பக்கத்துக் கடையின் குளிரறை அதே சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. தே பெங் (ஐஸ் போட்ட தேநீர்) கிளாஸ் வியர்ப்பது போல அந்தச் சுவர் வியர்க்கிறது, அவ்வளவுதான். பெயின்ட் அடித்திருந்தால் நாலாவது முறை அடித்ததாக ஆகியிருக்கும்.

இதை அன்றைக்கே உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். எங்கள் பையன் அவசரத்தில் பில்லை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிட்டான். அதற்கு மன்னியுங்கள்.

எல்லா ஓதமும் ஒன்றல்ல. தரையிலிருந்து ஏறுவது பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும், மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புக்கோடு தெரியும். மேலிருந்து இறங்கினால் முதலில் கூரையையும் மழைநீர்க் குழாயையும் பார்க்க வேண்டும். 1989இல் லிட்டில் இந்தியாவைப் பழைய கட்டடங்களைக் காக்கும் பாதுகாப்பு வட்டாரமாக அறிவித்தார்கள், முகப்புகள் பிழைத்தன. உள்ளே பல வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசிவிட்டோம். (அந்தக் காலத்தில் நானும் பூசியவன்தான்.) சுண்ணாம்பு மூச்சு விடும். சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அதன் வாயைப் பொத்திவிடும், ஈரம் வழி தேடி இன்னும் மேலே ஏறும்.

எங்கள் சுண்ணாம்பு மேஸ்திரி ஊரோடு போய்விட்டார். புது ஆள் கை பழகும்வரை பூச்சு வேலைக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டிவரும். அந்தச் செய்தியைப் பார்த்த பிறகும் “அண்ணே, நீங்களே வாங்க” என்று கூப்பிட்டவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ரொம்ப நன்றி.

அப்புறம், அடுத்த மாதம் முதல் சோதனைக் கட்டணம் 120 வெள்ளி, அது வேலை பில்லில் கழியாது.

நாங்கள் வருவதற்கு முந்தின நாள் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கறை பெரும்பாலும் அதன் பின்னால்தான் இருக்கும்.

அன்புடன்,
கடைக்காரர்