இடமாற்றம் பெற்றுச் செல்லும் எங்கள் உளவளத்துணை அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

நீங்கள் வேறு மாவட்டத்துக்குப் போகிறீர்கள் என்று கிராம அலுவலர் சொன்னார். எனக்கு மேடையில் பேச வராது. அதனால் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

போரின் கடைசி நாட்களில், 2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிறகு என் கணவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. செட்டிகுளம் முகாமிலிருந்து முல்லைத்தீவுக்கு மீள்குடியேறியதும் பலர் வீடு தேடி வந்தார்கள். எல்லோருடைய கையிலும் ஒரு படிவம் இருந்தது. நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். அன்றிரவு எனக்கு நித்திரை வராது.

நீங்கள் வெறுங்கையோடு வந்தீர்கள். விறாந்தையில் பாயில் இருந்து, கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பதைப் பற்றிக் கதைத்தீர்கள். "விரும்பிய அன்று, விரும்பிய அளவு சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும் வருவேன்" என்றீர்கள். சொன்னபடியே வந்தீர்கள்.

சீனவெடிச் சத்தம் கேட்டால் மகன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். நீங்கள் அவனை வெளியே இழுக்கவில்லை. பக்கத்தில் தரையில் இருந்தீர்கள். பாதத்தைத் தரையில் அழுத்தவும், கண்ணில் படும் பொருள்களின் பெயரைச் சொல்லவும், மூச்சை மெதுவாக வெளியே விடவும் பழக்கினீர்கள். வகுப்பில் அவனைக் கதவோரம் இருத்திய ஆசிரியைக்கும் என் நன்றி.

இறப்புச் சான்றிதழ் எடுத்தால் காணியைப் பெயர் மாற்றலாம், உதவித்தொகை கிடைக்கும் என்று உறவினர் நெருக்கினார்கள். மாமியோ, எடுத்தால் வீட்டுப்படி ஏறமாட்டேன் என்றார். எடு என்றோ வேண்டாம் என்றோ நீங்கள் சொல்லவில்லை. இறந்ததாகச் சொல்லாமல், காணவில்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் இடம் கொடுத்ததை இருவருக்கும் விளங்கப்படுத்தினீர்கள். நாங்கள் முடிவெடுக்க எடுத்த காலம் முழுவதும் பொறுத்திருந்தீர்கள். பிறகு கூடவே கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) வந்தீர்கள்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?" என்று ஒருநாள் கேட்டேன். சாத்திரக்காரர் தையில் வருவார் என்றிருந்தார் (எந்தத் தை என்று சொல்லவில்லை). அயலவர்கள் மறந்துவிடு என்றார்கள். நீங்கள் மட்டுமே "எனக்குத் தெரியாது" என்றீர்கள். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் உங்களிடம் மனம் விட்டு அழுதேன்.

நித்திரைக் குளிசையைப் படிப்படியாகக் குறைத்த வைத்தியருக்கும், கிளினிக் நாட்களில் காசு வாங்காமல் ஏற்றிச் சென்ற ஓட்டோத் தம்பிக்கும் நன்றி. அக்கா, நீங்களும் இதே மண்ணில் இழந்தவர் என்று பிறர் சொல்லித்தான் அறிந்தேன். உங்கள் கதையைக் கேட்க யாராவது இருக்கிறார்களா என்பதே என் கவலை.

உங்கள் இடத்துக்கு வருபவரிடம் எங்கள் வீட்டுக்கும் வரச் சொல்லுங்கள். மாமிக்கு இடக்காது மந்தம். வலப்பக்கம் இருந்து கதைக்க வேண்டும்.

இப்படிக்கு,
முல்லைத்தீவிலிருந்து உங்கள் தங்கை