விண்ணப்பம் குறித்து மகளுக்கு

பேவியூ, சாட்ஸ்வொர்த், டர்பன்
ஆகஸ்ட், ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். கேப் டவுனில் இன்னும் மழை விடவில்லை என்று அம்மா சொன்னாள். அவள் பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே, எடுத்துப் போட்டுக்கொள்.

கோயிலில் ஆடிக் கூழ் நல்லபடியாக முடிந்தது. உன் பெரியம்மா முட்டி வலியோடு அதிகாலையிலேயே வந்து அடுப்பு மூட்டினாள். வந்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். சமூகப் பணியில் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடுகிறாள் என்று நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இந்த மாத முடிவுதானே? சான்றிதழ் நகல்களுக்கு போலீஸ் நிலையத்தில் முத்திரை வாங்கிவிட்டாயா? கடைசி நேரத்தில் ஓடாதே.

நான் முன்பு சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். முழுக்க ஆய்வேடு எழுதும் வழியை எடுத்துக்கொள். ஒரு பேராசிரியர், ஒரு தலைப்பு, நூலகம், உன் மேசை. பிறகு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம், அரசுத் துறையில் கொள்கை வகுக்கும் இடத்துக்குப் போகலாம். நீ விரும்புகிற, துயரப்படுகிறவர்களை நேரில் சந்தித்து உதவப் பழக்கும் கிளினிக்கல் பிரிவில் வகுப்பும் களப்பயிற்சியும், அதற்கு மேல் ஒரு சிறிய ஆய்வேடும் இருக்கின்றன. படிப்பு முடிந்த பிறகும் அடுத்தவர் துயரத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு வருடப் பட்டமும் சமூகப் பணியாளர் கவுன்சிலின் பதிவும் உன்னிடம் இருக்கின்றன. எந்த வழியில் போனாலும் அவை உன்னை விட்டுப் போகப்போவதில்லை. பிறகு ஏன் கடினமானதையே தேடிப் போகிறாய்?

ஆய்வேட்டிலும் தொல்லை உண்டு என்பாய். போதையில் விழுந்தவர்களைப் பேட்டி காண நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று நீதானே விளக்கினாய். அப்படியென்றால் முதியோர் ஓய்வூதியம் பற்றி எழுதலாமே. இனவாரியாக வெவ்வேறு தொகை கொடுத்த காலத்தை உன் ஆயா வாழ்ந்து பார்த்தவள். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து, 1960-களில் இந்த சாட்ஸ்வொர்த் மேட்டுக்கு வந்து சேர்ந்தவள். அவளுடைய பேத்தி முதுநிலைப் பட்டம் வாங்கப்போகிறாள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் அவளுடைய பிடிவாதமும் அப்படியே உன்னிடம் வந்திருக்கிறது.

மூன்று ஞாயிறாக அம்மாவிடம் மட்டுமே பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறாய். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், கண்ணு. பெற்ற தகப்பனிடம் இப்படி இருக்கலாமா? ஆனால் பதில் சொல்லாதவன் நான்தான். "இந்தப் பிரிவை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள், அண்ணனைப் பற்றி எழுதலாமா அப்பா?" என்று கேட்டாய். நான் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். பகுதிநேரமாகப் படிக்க முடியுமா என்று கேட்டேன். பட்டம் பெற்ற சமூகப் பணியாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் இருக்கிறார்களே என்று கேட்டேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

2006-இல் உனக்குப் பத்து வயது. நம் தெருவில் சுகர்ஸ் என்ற ஹெராயின் கலந்த போதைத்தூள் நுழையாத வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலம். அந்தச் சமூகப் பணியாளர் அம்மையார் முதல் முறை வந்தபோது கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினார். குடும்பத்தில் ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தால் போதும், மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது என்றார். அந்த வருடம் காவடிக் கமிட்டியில் நான் பொருளாளர். என் மகன் ஜோகன்னஸ்பர்க்கில் வேலையில் இருக்கிறான், நீங்கள் வேறு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றேன். அவன் பின்னறையில் சுருண்டு படுத்திருந்தான்.

அவர் இரண்டாம் முறையும் வந்தார். தெருமுனையில் அவரைப் பார்த்ததுமே நான் டைகரை அவிழ்த்துவிட்டேன். நாய் தானாக அவிழ்த்துக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னேன். இன்றுவரை அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது பாய்ந்த பாய்ச்சலில் அவர் கோப்பைக் கீழே போட்டார். காகிதங்கள் தெருவெல்லாம் பறந்தன. நீ பள்ளிச் சீருடையோடு ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவரிடம் கொடுத்தாய். அவர் குனிந்து உன்னிடம் ஏதோ சொன்னார். அது என்ன என்று நான் இத்தனை வருடமாகக் கேட்டதில்லை. மூன்றாம் முறை அவர் வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த புரட்டாசியை நான் எழுத வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. போடவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ இந்தப் படிப்பில் சேர்ந்த நாள் முதல், நீ ஒரு வீட்டு வாசலில் கோப்போடு நிற்பதாக நினைக்கும்போதெல்லாம் உள்ளே நிற்கிறவன் நானாகவே இருக்கிறேன். ஆய்வேடு எழுது, ஆய்வேடு எழுது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இதற்காகத்தான். ஓய்வூதியம் பற்றிச் சொன்னதும் இதற்காகத்தான்.

அண்ணனைப் பற்றி எழுது. நாம் கூப்பிட்ட பெயர் வேண்டாம், அவனுடைய முழுப் பெயரை எழுது. கதவில் நடந்ததையும் எழுத வேண்டுமென்றால் எழுது. அம்மாவிடம் நானே இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். நீ அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

எந்தப் பிரிவு என்பதை நீயே முடிவு செய். ஆய்வேட்டு வழிதான் நல்லது என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது, அதை மறைக்கவில்லை. கிளினிக்கல்தான் என்றால், களப்பயிற்சியில் உன்னை மேற்பார்வையிடப் போகிறவர் யார், வாரம் எத்தனை மணி நேரம் என்று சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள். முதல் தவணைக் கட்டணத்துக்கு நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

யார் வீட்டுக்கும் தனியாகப் போகாதே. கம்பிக் கதவைத் தொடும் முன் நாய் கட்டியிருக்கிறதா என்று பார்.

அடுத்த ஞாயிறு நான்தான் தொலைபேசியை எடுப்பேன்.

அப்பா