சேர்த்துப் போடும் முன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஞானப்பல் எடுக்கும்போது பயம் தணிக்கும் அரை மயக்க மருந்தான மிடசோலம் மட்டும் போட்டால் சிலர் நடுவில் நெளிகிறார்கள், ஃபென்டானில் என்ற கடும் வலி மருந்தையும் சேர்க்கச் சொல்லலாமா என்கிறாய். முதலில் ஒன்று பார். அவர்கள் நெளிவது பயத்திலா, தாடையில் போட்ட மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காததாலா? மிடசோலம் வலியைப் போக்காது. பாதிப் பேருக்கு மறுபடி ஒரு ஊசி நன்றாகப் போட்டாலே போதும் என்பது என் அனுபவம்.

சேர்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் ஒன்றும் ஒன்றும் இரண்டு இல்லை, மூச்சை அதைவிட அதிகமாக அமுக்கிவிடும். போன வருடம் ஒரு அம்மாவுக்கு இரண்டும் கொடுத்திருந்தேன். மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால் மானிட்டரில் ரத்த ஆக்சிஜன் அளவு 99-லிருந்து அசையவே இல்லை. வெளிவிடும் மூச்சைக் கோடாகக் காட்டும் கேப்னோகிராஃபில் மட்டும் கோடு படுத்துவிட்டது. நெஞ்சைப் பார்த்தேன், ஏறவில்லை. தாடையைத் தூக்கிப் பிடித்து, “அம்மா, மூச்சை நல்லா இழுங்க” என்று காதருகில் சத்தமாகச் சொன்னதும் இழுத்தார். அந்தச் சில விநாடிகளை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் நான் ஃபென்டானிலை முதலில், 50 மைக்ரோகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்துவிட்டுச் சில நிமிடம் பொறுப்பேன். அப்புறம்தான் மிடசோலம், ஒரு மில்லிகிராமுக்கு மேல் ஒரே தடவையில் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழுதாக இரண்டு நிமிடம். நல்ல உடம்புக்காரருக்கே மிடசோலத்தில் சுமார் 30 சதவீதம் குறைக்க வேண்டும், வயதானவர் என்றால் பாதி.

சேர்த்துப் போடுவது புதிதில்லை. 1945-லேயே கலிஃபோர்னியாவின் லோமா லிண்டாவில் யோர்கென்சன் என்ற பல் மருத்துவர் பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து, மெப்பெரிடின் என்ற வலி மருந்து, ஸ்கோபோலமைன் மூன்றையும் ரத்தக் குழாயில் கொடுத்தார். அந்த பென்டோபார்பிட்டாலின் வேலையை முறிக்கும் மருந்தே இல்லை. நமக்கு மிடசோலத்தை முறிக்க ஃப்ளுமாசெனிலும் ஃபென்டானிலை முறிக்க நாலக்சோனும் இருக்கின்றன. ஆனால் ஃப்ளுமாசெனில் மிடசோலத்துக்கு முன்பே இறங்கிவிடும், கண் விழித்தவர் மறுபடி சொக்கிப்போவார். அதைப் போட்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாதே.

இன்னொன்று. பல்லைப் பிடுங்குகிறவரே மூச்சையும் பார்க்க முடியாது. மயக்க மருத்துவர் வரும் நாளில் மட்டும் இதை வைத்துக்கொள்.

அடுத்த மாதம் உன் ஊர்ப் பக்கம் வருகிறேன். உன் கிளினிக்கில் கேப்னோகிராஃப் இருக்கிறதா என்று மட்டும் அதற்குள் எழுது. இல்லையென்றால் என்னுடையதைக் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
முருகேசன்