சுவரில் ஒட்டும் தாளும் என் மகளின் வயிற்றுவலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருடமாகச் சதுரங்கம் ஆடுகிறாள். வீட்டில் என் தம்பியையே திணறடிப்பாள். ஆனால் போட்டி மண்டபத்தில், யாருக்கு யார் எதிராளி என்று சுவரில் தாள் ஒட்டியதும் முகம் வாடிவிடும். "அம்மா, வயிறு வலிக்குது" என்பாள்.

போன வருடம் ஃபெரி ஏறி, பினாங்குத் தீவில் நடந்த ஒரு போட்டிக்குப் போனோம். ஆட்டம் தொடங்கும் முன் ரேட்டிங்படி, அதாவது ஆட்டத் திறனைக் காட்டும் எண்படி, போட்ட பட்டியலில் 60 பிள்ளைகளில் இவளுக்கு 34-ஆவது இடம். முதல் சுற்றிலேயே எதிராளி 4-ஆவது இடத்துப் பையன். ரேட்டிங்கில் இவளைவிட 200 அதிகம். 19-ஆவது நகர்வில் தோல்வியை ஒப்புக்கொண்டு ராஜாவைச் சாய்த்துவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தாள். எங்கள் நேரம் சரியில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கல்லூரி மாணவர் அன்று திட்டவில்லை, "பயப்படாதே" என்றும் சொல்லவில்லை. அவள் எழுதிய நகர்வுத் தாளைப் பார்த்து அந்த ஆட்டத்தைப் பலகையில் அடுக்கினார். தாளில் இருந்த இரண்டு பெயர்களையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "தங்கச்சி, இதில் நீ எந்தப் பக்கம் ஆடுவாய்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வெள்ளை" என்றாள். வெள்ளை ஆடியது அவள்தான். நல்ல நிலையில் இருந்த ஆட்டத்தை எதிராளியின் பெயருக்குப் பயந்து விட்டுக்கொடுத்திருக்கிறாள். எனக்கு நெஞ்சு கனத்துப்போனது.

அப்புறம் எனக்கும் சில விஷயங்களை விளக்கினார். இந்தப் போட்டிகள் ஸ்விஸ் முறையில், அதாவது தோற்றவரை வெளியேற்றாமல் எல்லாரையும் எல்லாச் சுற்றும் ஆடவிடும் முறையில், நடப்பவை. முதல் சுற்றில் பட்டியலை இரண்டாகப் பிரித்து, மேல் பாதியைக் கீழ் பாதியோடு மோதவிடுவார்கள். 60 பேர் என்றால் 1-க்கு 31, 4-க்கு 34. இதில் நேரமும் இல்லை, ராசியும் இல்லை. ரேட்டிங்கில் 200 குறைவு என்றால், நான்கு ஆட்டத்தில் ஏறக்குறைய ஒரு புள்ளி கிடைக்கும் என்பதுதான் அதன் கணக்காம். நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். நான்கில் ஒன்று என்பது சும்மா தள்ளிவிடும் தொகை இல்லை. அதைப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. "அவன் பெரிய ஆள், பார்த்து ஆடு" என்றுதான் நாம் அனுப்பிவைக்கிறோம்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் சதுரங்க உலகப் பட்டம் வென்றதை எல்லாரும் கொண்டாடினோம். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் தோற்றார் என்பதை என் மகளுக்கு நான்தான் சொன்னேன். 14-ஆவது ஆட்டம் டிராவில் முடியும் என்றே பலர் நினைத்தார்கள். குகேஷிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் கூடுதல். அவர் சமாதானம் ஆகாமல் ஆடிக்கொண்டே இருந்தார். 55-ஆவது நகர்வில் எதிராளி டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். அதோடு ஆட்டம் முடிந்தது. அப்போது குகேஷுக்கு வயது 18.

இப்போது என் மகள் தாளைப் பார்ப்பதில்லை. மேசை எண்ணை மட்டும் நான் பார்த்துச் சொல்கிறேன். வெளியே வந்ததும் "ஜெயிச்சியா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டேன். "எந்த இடத்தில் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்கிறேன். இந்த ஒரு கேள்வியை மாற்ற எனக்கே பல மாதம் பிடித்தது.

பள்ளிப் போட்டிகளை நடத்துவோரிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சுவரில் ஒட்டும் தாளில் பெயரும் மேசை எண்ணும் போதும். ரேட்டிங்கும் வரிசை எண்ணும் நடுவர்களின் கணினியிலேயே இருக்கட்டும். எதிராளியின் பலம் என்னவென்று பிள்ளை பலகையைப் பார்த்தே தெரிந்துகொள்ளும்.

போன மாதம் முதல் சுற்றில் அவளுக்கு 2-ஆவது இடத்துப் பெண். 52 நகர்வு ஆடித் தோற்றாள். வெளியே வந்தவள், "அம்மா, 41-இல் யானையைத் தொட்டிருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள். வயிற்றுவலி பற்றிப் பேச்சே இல்லை.

இப்படிக்கு,
ஒரு சதுரங்க மாணவியின் தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு