மாமியார்களையும் உட்கார வையுங்கள்

ஆசிரியருக்கு,

கர்ப்பிணி நிறையத் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பேச்சு எங்கள் கருங்கல் பக்கம் இன்னும் இருக்கிறது. என் மருமகளிடமும் பக்கத்து வீட்டு அக்கா இதையே ஓதினார். ஏழாம் மாதத்தில் அவளுக்கு எடை கூடியிருந்தது 4 கிலோதான். எடை குறித்த கர்ப்பிணி அட்டையைப் பார்த்த சுகாதார நர்ஸ் சத்தம் போட்டார். சாதாரண உடல்வாகுள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குள் 10 முதல் 12 கிலோவாவது கூட வேண்டுமாம். இல்லாவிட்டால் குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறக்கும் வாய்ப்பு அதிகம். (ஏற்கெனவே பருமனானவர்களுக்குக் கணக்கு குறைவு. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் குழந்தை பெருப்பதும் உண்மைதான்.) அப்புறம் மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கோடு சாளை மீன்கறியும் முட்டையும் தவறவில்லை. வெறும் கிழங்கில் வயிறு நிறையும், புரதம் கிடைக்காது. சுகாதாரத் துறையினர் வீட்டுக்கு வரும்போது மாமியார்களிடமும் இதைப் பேசலாமே? சோறு விளம்புவது நாங்கள்தானே.

— ஒரு வாசகி, கருங்கல்